நிபந்தனைக்கு உட்பட்ட கட்டாயப் புலங்கள்: வலைப்படிவச் சரிபார்ப்பை எழுதும் முறை

வங்கி வைப்புக் கணக்குக்கு நாமினியை நியமிக்க, 1985 ஆம் ஆண்டு விதிகளின்படி வழங்கப்பட்டுவந்த டிஏ-1 படிவத்தைக் காகிதத்தில் நிரப்பியவர்களுக்கு அதில் இருந்த ஒரு வாசகம் நினைவிருக்கலாம். நாமினி இன்றைய தேதியில் மைனராக இருப்பதால், அவர் சார்பில் தொகையைப் பெற்றுக்கொள்ள இன்னாரை நியமிக்கிறேன் என்று அது சொல்லும்; அந்த இன்னாரின் பெயர், முகவரி, வயது ஆகியவற்றை எழுத இடம் விட்டிருக்கும். நாமினி மைனர் இல்லையென்றால் இதை அடித்துவிடவும் என்ற குறிப்பும் உடன் இருக்கும். பேனாவால் இழுக்கும் அந்தக் கோடு, இந்தப் பகுதி தேவையில்லை என்று சொன்னதோடு, பின்னால் யாரும் அங்கே ஒரு பெயரைச் சேர்த்துவிடாதபடி இடத்தையும் அடைத்தது. எழுத மறந்துவிட்டாரோ என்ற ஐயத்துக்கும் வழி வைக்கவில்லை.

வலைப்படிவத்தில் அந்தக் கோட்டை நாம்தான் நிரலால் இழுக்க வேண்டும். படிவத்தில் ஒரு விவரத்தை நிரப்பும் இடத்தைப் புலம் என்கிறோம்; ஒரு புலத்தின் விடையைப் பொறுத்து இன்னொரு புலம் கட்டாயமாவதையே நிபந்தனைக் கட்டாயம் என்கிறோம். நிரந்தர முகவரி வேறு என்று சொன்னால் அந்த முகவரியைக் கேட்பது, 'பிற' என்பதைத் தேர்ந்தால் விவரம் கேட்பது, ஜிஎஸ்டி பதிவு உண்டு என்றால் பதிவு எண்ணைக் கேட்பது எல்லாம் இந்த வகைதான். பார்வைக்கு எளிய வேலை. ஆனால் புலத்தைத் திரையில் மறைப்பது, கட்டாயமாக்குவது, சர்வருக்கு அனுப்புவது, தரவுத்தளத்தில் சேமிப்பது ஆகிய நான்கும் ஒரே நிபந்தனைக்குக் கட்டுப்படாமல், ஒவ்வொன்றும் தன் போக்கில் எழுதப்படும்போது படிவம் கெட்டுப்போகிறது. இக்கட்டுரை முழுவதும் நாமினிப் படிவத்தையே முதன்மை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

நிபந்தனையை முதலில் வாக்கியமாக எழுதுங்கள்

நிரலைத் தொடுவதற்கு முன் நிபந்தனையை ஒரு முழு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். "நாமினிக்கு இன்று 18 வயது நிறைந்திருக்காவிட்டால் பாதுகாவலரின் பெயரும் முகவரியும் கட்டாயம்." இந்த வாக்கியம் பாதிதான். நிறைந்திருந்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள்; கட்டாயம் என்பதன் எதிர்ப்பதம் விருப்பம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரு புலத்துக்கு மூன்று நிலைகள் உண்டு: கட்டாயம், விருப்பம், பொருந்தாது. நாமினி மேஜர் என்றால் பாதுகாவலர் பெயர் விருப்பப் புலம் ஆகாது. அது பொருந்தாது, அதில் எதுவுமே இருக்கக் கூடாது. மாறாக, பாதுகாவலரின் தொலைபேசி எண், நாமினி மைனராக இருக்கும்போது விருப்பம், மேஜராக இருக்கும்போது பொருந்தாது. வாடிக்கையாளரிடமோ சட்டப் பிரிவிலோ கேட்டு ஒவ்வொரு புலத்துக்கும் இந்த மூன்றில் எது, எப்போது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு தாளால் தீர்ந்துவிடும்.

கேள்வியே சரியாக அமைந்திருக்கிறதா என்பதும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். பல விற்பனைத் தளங்களில் "வணிகத்துக்காக வாங்குகிறேன்" என்று குறித்த உடனே ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கட்டாயமாகக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சரக்கு விற்பனையில் 40 லட்சம் ரூபாய், சேவையில் 20 லட்சம் ரூபாய் என்ற ஆண்டு விற்றுமுதல் வரம்பைத் தாண்டாத சிறு வணிகர்கள் பலருக்குப் பதிவே தேவையில்லை. அவர்கள் வணிகர்கள்தான், ஆனால் எண் கிடையாது. படிவம் அவர்களைப் பொய் சொல்லவோ திரும்பிப் போகவோ வைக்கிறது. "ஜிஎஸ்டி பதிவு உள்ளதா?" என்று கேட்டிருந்தால் நிபந்தனை சரியான இடத்தில் நின்றிருக்கும். வேறொரு கேள்வியின் விடையிலிருந்து ஊகித்துக் கட்டாயமாக்குவதைவிட, தேவையானதை நேராகக் கேட்டுவிடுவது எப்போதும் மேல்.

அந்த எண்ணின் அமைப்பைச் சோதிப்பது வேறு விதி என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். 'இருக்க வேண்டுமா' என்ற விதியையும் 'இருந்தால் எப்படி இருக்க வேண்டும்' என்ற விதியையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால், எண்ணே இல்லாதவருக்கு "எண் தவறு" என்ற செய்தி போகும். வலைப்பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில், மதிப்பின் அமைப்பைச் சோதிக்கும் 'பேட்டர்ன்' பண்பு இதைச் சரியாகவே செய்கிறது: புலம் காலியாக இருந்தால் அது எதையும் சோதிப்பதில்லை. உங்கள் நிரலும் அப்படியே நடந்துகொள்ள வேண்டும்.

உலாவியில் செய்ய வேண்டியவை

எச்டிஎம்எல்லில் 'ரிக்கொயர்டு' என்ற பண்பைச் சேர்த்தால் புலம் கட்டாயமாகிவிடும். அந்தப் புலத்தை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மூலமாகவோ 'ஹிடன்' பண்பாலோ மறைத்தால் கட்டாயம் நீங்கிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள்; நீங்காது. மறைந்திருக்கும் புலம் காலியாக இருப்பதைக் கண்டு உலாவி படிவத்தைத் தடுக்கும். ஆனால் பிழைச்செய்தியைக் காட்ட அங்கே இடம் இல்லாததால் பயனரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. குரோமில், புலத்தின் மீது ஃபோகஸ் வைக்க இயலவில்லை என்ற ஒரு வரி டெவலப்பர் கன்சோலில் மட்டும் விழும்.

இதை நான் பாடமாகக் கற்றது ஒரு சேமிப்பு நிறுவனத்துக்காக நான் எழுதிய நாமினிப் படிவத்தில். வெளியிட்ட மூன்றாம் நாள் ஒரு கிளை ஊழியர் தொலைபேசியில் அழைத்தார். "சமர்ப்பி பொத்தானை அழுத்துறேன் சார், ஒண்ணுமே நடக்கலை, சிவப்பாக்கூட ஒண்ணும் வரலை" என்றார். இணைப்பில் கோளாறு என்று எண்ணி நான் அன்று அதை விட்டுவிட்டேன். மறுவாரம் அழைப்புகள் நின்றுபோயின. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வேறொரு வேலைக்காகத் தரவுத்தளத்தைத் திறந்தபோது, பாதுகாவலர் பெயர் என்ற நெடுவரிசையில் வரிசை வரிசையாக ஒற்றைப் புள்ளிகள் இருந்தன. ஊழியர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நாமினியின் பிறந்த தேதியாக முதலில் ஒரு குழந்தையின் தேதியை இட்டு, பாதுகாவலர் பகுதியைத் திறக்கவைத்து, ஒவ்வொரு புலத்திலும் ஒரு புள்ளி வைத்து, பிறகு சரியான பிறந்த தேதியை இட்டிருக்கிறார்கள். பகுதி மறைந்துவிட்டது, புள்ளி உள்ளே இருந்தது, படிவமும் போய்விட்டது.

மறைப்பதோடு நிற்காமல் 'டிஸேபிள்டு' ஆக்கியிருந்தால் இது நடந்திருக்காது. டிஸேபிள்டு நிலையில் உள்ள புலத்தை உலாவி சரிபார்ப்பிலிருந்தே விலக்கிவிடுகிறது. அதன் மதிப்பை சர்வருக்கு அனுப்புவதும் இல்லை. காகிதத்தில் இழுத்த கோட்டுக்கு வலையில் உள்ள மிக நெருங்கிய இணை இதுதான். ஒவ்வொரு புலமாக இதைச் செய்ய வேண்டியதில்லை. பாதுகாவலர் தொடர்பான புலங்கள் அனைத்தையும் புலங்களைத் தொகுக்கும் ஒரு 'ஃபீல்டுசெட்'டுக்குள் வைத்து, அந்த ஃபீல்டுசெட்டை மட்டும் டிஸேபிள்டு ஆக்கினால் உள்ளே உள்ளவை எல்லாம் அடங்கிவிடும். ஒரு விதிவிலக்கு உண்டு: ஃபீல்டுசெட்டின் தலைப்பாக வரும் முதல் 'லெஜெண்டு'க்குள் இருக்கும் புலங்கள் செயலிழக்காது. "நிரந்தர முகவரி வேறு" போன்ற தேர்வுப்பெட்டியை லெஜெண்டுக்குள் வைத்துவிட்டால், பகுதி அடைபட்டிருக்கும்போதும் பெட்டி உயிரோடு இருக்கும்.

ஆகவே நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இது. எச்டிஎம்எல்லில் பாதுகாவலர் பகுதி திறந்தே இருக்கும், அதில் எந்தப் புலத்துக்கும் ரிக்கொயர்டு பண்பு எழுதப்பட்டிருக்காது. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் அப்பகுதியில் கட்டாயமானவற்றுக்கு ஒருமுறை ரிக்கொயர்டு சேர்க்கும்; அதன்பின் நிபந்தனையைப் பொறுத்து ஃபீல்டுசெட்டை அடைப்பதும் திறப்பதும் மட்டுமே அதன் வேலை. ஏதோ காரணத்தால் ஸ்கிரிப்ட் இறங்காமல் போனாலும் படிவம் நிரப்பக்கூடியதாகவே இருக்கும்; தீர்ப்பை சர்வர் சொல்லும்.

அடைப்பதையும் திறப்பதையும் ஒரே செயற்கூற்றில் (ஃபங்ஷன்) எழுதுங்கள். அதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்:

மைனரா = வயதுக்கு_வரவில்லை(நாமினி.பிறந்ததேதி, இன்று)
பாதுகாவலர்பகுதி.அடைப்பு = மைனரா இல்லை
பாதுகாவலர்பகுதி.மறைப்பு = மைனரா இல்லை

மறைப்பும் அடைப்பும் ஒரே மாறியிலிருந்து வருவதைக் கவனியுங்கள். இரண்டுக்கும் தனித்தனியே நிபந்தனை எழுதினால் என்றாவது ஒருநாள் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்போம். இந்தச் செயற்கூறு பிறந்த தேதி மாறும்போது மட்டும் ஓடினால் போதாது. பக்கம் ஏறும்போதும், பயனர் பின்னால் போய்த் திரும்பி வரும்போதும் ஓட வேண்டும். உலாவி அப்போது பழைய மதிப்புகளைத் தானே புலங்களில் மீட்டுவைக்கும். மதிப்பு மாறியதைச் சொல்லும் 'சேஞ்ச்' நிகழ்வு எழும் என்று நம்பியிருக்கக் கூடாது. பக்கம் காட்டப்படும்போதெல்லாம் எழும் 'பேஜ்ஷோ' நிகழ்வில் இதை இணைத்துவிடுவது நல்லது. ஃபயர்பாக்ஸ், ஸ்கிரிப்டால் மாற்றப்பட்ட டிஸேபிள்டு நிலையையும் மறுஏற்றத்துக்குப் பின் நினைவில் வைத்திருக்கக்கூடியது என்பதால், தொடக்க ஓட்டத்தில் அடைப்பை வெளிப்படையாக உண்மை அல்லது பொய் என்று இடுங்கள். முந்தைய நிலையைத் தலைகீழாக்கும் வகையில் எழுதாதீர்கள்.

பகுதி மறையும்போது பயனர் தட்டச்சு செய்ததை அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். அழிக்க வேண்டாம். தேதியில் ஓர் எண்ணைத் தவறாக அழுத்தித் திருத்திக்கொள்ளும் பயனர், முழு முகவரியையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டிவரும். அடைபட்ட புலத்தின் மதிப்பு எப்படியும் சர்வருக்குப் போகாது என்பதால் அது அங்கேயே கிடப்பதில் தீங்கில்லை.

ரிக்கொயர்டு பண்பைப் பற்றிச் சில சிறு செய்திகள். வெறும் இடைவெளியை மட்டும் தட்டினாலும் உலாவி அதை நிரப்பப்பட்ட புலம் என்றே கொள்ளும். கீழிறங்கு பட்டியலில் முதல் தெரிவின் மதிப்பு வெற்றுச் சரமாக இருந்தால்தான் "தேர்ந்தெடுக்கவும்" என்ற நிலையைக் காலி என்று அது புரிந்துகொள்ளும். ரேடியோ பொத்தான்களில் ஒரே பெயருள்ள குழுவில் ஒன்றுக்கு இட்டாலே குழு முழுவதும் கட்டாயமாகும். தேர்வுப்பெட்டிகள் அப்படியல்ல, ஒவ்வொன்றும் தனியாள், எனவே "ஏதேனும் ஒன்றையாவது குறிக்கவும்" என்பதற்கு ஸ்கிரிப்ட்தான் வழி. பழைய தளங்களில் இன்னும், படிவங்களைச் சரிபார்க்கும் ஜேகுவரி வேலிடேஷன் செருகுநிரல் இருக்கிறது. அதில் ரிக்கொயர்டு விதிக்கு உண்மை அல்லது பொய் என்பதற்குப் பதில் ஒரு செயற்கூற்றையே கொடுக்கலாம். மறைந்திருக்கும் புலங்களை அது இயல்பாகவே விட்டுவிடும் என்பது பலருக்கு வசதி. ஆனால் டேப் முறையில் பிரிக்கப்பட்ட படிவத்தில், மூடியிருக்கும் டேபில் உள்ள உண்மையான கட்டாயப் புலங்களையும் அது விட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

வயது என்ற நிபந்தனை

தேர்வுப்பெட்டியைப் போல உண்டு, இல்லை என்று நேராகச் சொல்லாமல், கணக்கிட்டுப் பெற வேண்டிய நிபந்தனைகளில் கூடுதல் கவனம் தேவை. வயது அதற்கு நல்ல உதாரணம். 1875 ஆம் ஆண்டின் இந்திய வயதுவருதல் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிறந்த நாளை ஒரு முழு நாளாகச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றும், பதினெட்டாம் ஆண்டு நிறைவு நாளின் தொடக்கத்திலேயே ஒருவர் வயதுக்கு வந்தவராகிறார் என்றும் தெளிவாகச் சொல்கிறது. அதாவது பிறந்த நாளன்று காலையிலேயே அவர் மேஜர். நிரலில் 'பெரியது' என்ற குறிக்குப் பதில் 'பெரியது அல்லது சமம்' என்ற குறி வர வேண்டும் என்பதுதான் இதன் பொருள். நாட்களின் எண்ணிக்கையை 365 ஆல் வகுத்து வயது காண்பவர்கள், இடையில் வரும் லீப் நாட்களால் நான்கைந்து நாட்கள் முன்னதாகவே ஒருவரை மேஜர் ஆக்கிவிடுகிறார்கள்.

'இன்று' என்பது யாருடைய இன்று என்பது அடுத்த கேள்வி. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், இந்தியாவில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5.30 வரை அதற்கு நேற்றைய தேதிதான். உலாவி மேஜர் என்று சொல்லிப் பகுதியை அடைத்துவிடும். சர்வரோ மைனர் என்று சொல்லிப் பாதுகாவலர் பெயரைக் கேட்கும். பயனருக்கு நிரப்ப இடமே இருக்காது. சர்வரில் 'ஆசியா/கொல்கத்தா' நேர மண்டலத்தின்படி தேதியை எடுத்து, அதே தேதியைப் பக்கத்தோடு உலாவிக்கும் அனுப்பிவிடுங்கள். பயனரின் கைபேசிக் கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

பிப்ரவரி 29 இல் பிறந்தவர்களையும் எண்ணிப் பாருங்கள். 18 ஐ நான்கால் வகுக்க முடியாது என்பதால் அவர்களின் பதினெட்டாம் ஆண்டில் அந்தத் தேதி வரவே வராது. 29-2-2008 இல் பிறந்தவருக்குப் பதினெட்டு ஆண்டுகளைக் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டின் 'செட்ஃபுல்இயர்' மார்ச் 1 என்கிறது, ஜாவாவின் 'லோக்கல்டேட்' பிப்ரவரி 28 என்கிறது, பைத்தானில் ஆண்டை மட்டும் 'ரீப்ளேஸ்' செய்தால் பிழையே எழுகிறது. உலாவியில் ஒரு மொழியும் சர்வரில் வேறொரு மொழியும் இருந்தால் இரண்டும் அந்த ஒரு நாளில் முரண்படும். நான் தேதிக் கணக்கையே தவிர்க்கிறேன். தேதிப் புலம் தரும் மதிப்பு எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலான பத்து எழுத்துச் சரம்; அதன் ஆண்டுப் பகுதியில் 18 ஐக் கூட்டிக் கிடைக்கும் சரத்தை, இன்றைய தேதியின் சரத்தோடு எழுத்து வரிசையில் ஒப்பிட்டாலே போதும். இது எந்த மொழியில் எழுதினாலும் மார்ச் 1 என்ற ஒரே விடையைத் தரும். நிறுவனத்தின் சட்டப் பிரிவு வேறு நாளைச் சொன்னால் அதை இரு பக்கமும் ஒரேபோலத் திருத்துவதும் எளிது.

சர்வரில் அதே நிபந்தனை

உலாவியில் நடக்கும் சரிபார்ப்பு பயனருக்குச் செய்யும் உதவி. பாதுகாப்பு சர்வரில்தான் இருக்கிறது. யாரோ வேண்டுமென்றே தாண்டி வருவார்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஸ்கிரிப்டில் 'சப்மிட்' செயற்கூற்றை நேரடியாக அழைத்தால் உலாவியின் சரிபார்ப்பு நடக்காமலே படிவம் போய்விடும். 'ரிக்வெஸ்ட்சப்மிட்' என்பதை அழைத்தால்தான் நடக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்ட பக்கங்கள் நிறைய உண்டு.

சர்வர் நிரலில் முதலில் கவனிக்க வேண்டியது, குறிக்கப்படாத தேர்வுப்பெட்டி 'இல்லை' என்ற மதிப்போடு வராது, வரவே வராது என்பதுதான். குறிக்கப்பட்ட பெட்டி, மதிப்பு எதுவும் தரப்படாவிட்டால் 'ஆன்' என்ற சொல்லாக வரும். பிஎச்பி மொழிச் சட்டகமான லாராவெலில், இன்னொரு புலத்தின் மதிப்பைப் பொறுத்துக் கட்டாயமாக்கும் 'ரிக்கொயர்டு_இஃப்' விதிக்கு நீங்கள் 1 என்று கொடுத்து, பெட்டி 'ஆன்' என்று அனுப்பினால் விதி ஒருபோதும் செயல்படாது, பிழையும் காட்டாது. பெட்டிக்கு மதிப்பை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அதே லாராவெலில் 'எக்ஸ்க்ளூட்_இஃப்', 'எக்ஸ்க்ளூட்_அன்லெஸ்' என்ற விதிகளும் உண்டு. நான் மேலே சொன்ன 'பொருந்தாது' என்ற மூன்றாம் நிலைக்கு உரியவை அவை. நாமினி மேஜர் என்றால் பாதுகாவலர் பெயர் என்ன வந்தாலும் சரிபார்க்கப்பட்ட தரவிலிருந்து அதை அவை நீக்கிவிடும். ரிக்கொயர்டு_இஃப் மட்டும் எழுதி நிறுத்தினால், வந்த புள்ளி அப்படியே உள்ளே போகும்.

பைத்தான் மொழிச் சட்டகமான ஜாங்கோவில் இப்படிப்பட்ட விதிகளைப் படிவ வகுப்பின் 'கிளீன்' செயற்கூற்றில் எழுதுவது வழக்கம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பிறந்த தேதியே தவறாக இருந்தால், அந்தப் புலம் சரிபார்க்கப்பட்ட தரவின் அகராதியில் இருக்காது. நேராகக் கேட்டால் நிரல் உடையும். 'கெட்' மூலம் கேட்டு, மதிப்பு இல்லையென்றால் நிபந்தனையை ஆராயாமலே விட்டுவிடுங்கள். இது ஜாங்கோவுக்கு மட்டும் உரியதல்ல. நிபந்தனையைத் தீர்மானிக்கும் புலம் தானே பிழையாக இருக்கும்போது, அதைச் சார்ந்த புலத்தின் மீது பிழை சொல்லக் கூடாது. பிறந்த தேதியைத் திருத்தியதும் பாதுகாவலர் தேவைப்படாமலே போகலாம். பிழையை எந்தப் புலத்தின் மீது வைக்கிறோம் என்பதும் முக்கியம். படிவத்தின் தலையில் பொதுவாக வைக்காமல் 'ஆட்_எரர்' மூலம் பாதுகாவலர் பெயர் மீதே வையுங்கள்.

தரவின் அமைப்பை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமா பயன்படுத்துபவர்களுக்கு ஏழாம் வரைவிலிருந்து 'இஃப்', 'தென்', 'எல்ஸ்' என்ற சொற்கள் இருக்கின்றன. 'இஃப்' பகுதியில் பண்பின் மதிப்பை மட்டும் எழுதிவிட்டு, அந்தப் பண்பு இருந்தாக வேண்டும் என்பதை எழுதாமல் விட்டால், பண்பே வராத தரவும் நிபந்தனையை நிறைவு செய்ததாகக் கருதப்படும். 'தென்' பகுதி தேவையில்லாமல் பாயும். 'இஃப்' உள்ளேயும் ரிக்கொயர்டு எழுதுங்கள்.

நான்கு நாமினிகள்

2025 ஆம் ஆண்டின் வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டத்தின் நியமனப் பிரிவுகள் 2025 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். அனைவருக்கும் ஒரே நேரத்தில் பங்கு பிரித்துத் தருவது ஒரு முறை. ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசைப்படுத்துவது மற்றொரு முறை. முதல் முறையில் பங்குகளின் கூட்டுத்தொகை 100 விழுக்காடாக இருக்க வேண்டும். லாக்கருக்கு இரண்டாம் முறை மட்டுமே.

இப்போது நிபந்தனை இரண்டு அடுக்காகிறது. முறை 'ஒரே நேரம்' என்றால் நிரப்பப்பட்ட ஒவ்வொரு வரிசையிலும் பங்கு கட்டாயம். 'அடுத்தடுத்து' என்றால் பங்கு பொருந்தாது, வரிசை எண் கட்டாயம். அதற்கும் மேலே, நான்கு வரிசைகளில் எது 'நிரப்பப்பட்டது' என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு வரிசையில் ஏதேனும் ஒரு புலத்தில் எழுத்து இருந்தாலும் அது நிரப்பப்பட்ட வரிசை என்று கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தீர்மானித்தால், பெயரை மறந்து பிறந்த தேதியையும் பங்கையும் எழுதியவரின் மூன்றாம் நாமினி சத்தமில்லாமல் காணாமற்போவார். பாதுகாவலர் நிபந்தனை ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே ஓட வேண்டும். நான்கில் ஒருவர் மைனர் என்பதற்காக நான்கு பகுதிகளையும் திறக்கும் படிவத்தை நான் கண்டிருக்கிறேன்.

கூட்டுத்தொகையைத் தசம எண்ணாக வைத்து 100 உடன் ஒப்பிடாதீர்கள். மூன்று பேருக்குச் சமமாகப் பிரிப்பவர் 33.33 என்று மூன்று முறை எழுதுவார்; அது 99.99. அதை ஏற்பதா மறுப்பதா என்பதைக் கணினியின் தசமக் கூட்டல் பிழை தீர்மானிக்க விடக் கூடாது. பங்கை நூறால் பெருக்கி முழு எண்ணாக வைத்து 10000 உடன் ஒப்பிட்டு, "இன்னும் 0.01 விழுக்காடு பிரிக்கப்படவில்லை" என்று காட்டினால், பயனரே ஒருவருக்கு 33.34 என்று திருத்திவிடுவார்.

பிழைச்செய்தியின் வாசகம்

எப்போதும் கட்டாயமான புலத்துக்கு "பெயரை எழுதவும்" என்றால் போதும். நிபந்தனையால் கட்டாயமான புலத்துக்குக் காரணமும் வேண்டும்: "நாமினிக்கு 18 வயது நிறையவில்லை, எனவே பாதுகாவலரின் பெயரை எழுதவும்." பிறந்த ஆண்டைத் தவறாக எழுதியவர், இதைப் படித்த உடனே தவறு எங்கே என்று கண்டுகொள்வார். "இந்தப் புலம் கட்டாயம்" என்ற செய்தி அவரைப் பாதுகாவலர் ஒருவரைத் தேடவைக்கும்.

இதற்காக, புலத்தின் மீது நம் சொந்தப் பிழைவாசகத்தை வைக்கும் 'செட்கஸ்டம்வேலிடிட்டி'யைப் பயன்படுத்தினால், நிபந்தனை நீங்கியதும் வெற்றுச் சரத்தை இட்டு அதை அழித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புலம் நிரப்பப்பட்ட பின்னும் பிழையிலேயே நிற்கும்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்காக, திறக்கும் பகுதியை அதைத் திறக்கும் புலத்துக்கு அடுத்ததாகவே எச்டிஎம்எல்லில் வையுங்கள். மேலே எங்கோ ஒரு புலம் முளைத்தால் அதைத் தாண்டி வந்துவிட்டவருக்குத் தெரியப்போவதில்லை. 'ஏரியா-ரிக்கொயர்டு' பண்பு, புலம் கட்டாயம் என்பதைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லுமே தவிர உலாவியின் சரிபார்ப்பைத் தூண்டாது. பிழை வாசகத்தை 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' மூலம் புலத்தோடு இணைத்துவிடுங்கள்.

தரவுத்தளத்தில் ஒரு காவல்

படிவம் ஒன்றாக இருந்தாலும் தரவு நுழையும் வழிகள் பல: கைபேசிச் செயலி, எக்செல் பதிவேற்றம், பழைய அமைப்பிலிருந்து இடமாற்றம். எனவே நிபந்தனையைத் தரவுத்தளத்திலும், பொருந்தாத பதிவை ஏற்க மறுக்கும் ஒரு 'செக்' கட்டுப்பாடாக எழுதிவையுங்கள். வயது நாளுக்கு நாள் மாறுவது என்பதால் அதை நேராக எழுத முடியாது. நியமன நாளன்று மைனராக இருந்தாரா என்பதைத் தனி நெடுவரிசையில் பதிந்து, அதை வைத்து எழுத வேண்டும். டிஏ-1 வாசகமும் "இன்றைய தேதியில்" என்றுதானே சொல்லியது. மைனர் என்றால் பாதுகாவலர் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இருக்கக் கூடாது என்று இரு திசையிலும் எழுதுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் 8.0.16 க்கு முந்தைய பதிப்புகள் செக் கட்டுப்பாட்டைப் படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கட்டுப்பாடு இருக்கிறது என்ற நம்பிக்கைதான் மிஞ்சும். மேலும் எஸ்கியூஎல்லில் நிபந்தனையின் விடை 'தெரியாது' என்று வந்தாலும் செக் அதை அனுமதித்துவிடும். மைனரா என்ற நெடுவரிசையில் 'நல்' (மதிப்பு இல்லை என்ற நிலை) நுழைய முடிந்தால் காவல் முழுவதும் வீண். அந்த நெடுவரிசையை 'நாட் நல்' ஆக்குங்கள்.

சோதித்துப் பார்ப்பது

மைனர் நாமினி பாதுகாவலரோடு, மைனர் பாதுகாவலர் இல்லாமல், மேஜர் பாதுகாவலர் இல்லாமல் என்ற மூன்றையும் எல்லோரும் சோதிப்பார்கள். மேஜர், ஆனால் பாதுகாவலர் பெயரோடு என்ற நான்காவதை சர்வருக்கு நேரடியாக அனுப்பிப் பாருங்கள். பெயர் சேமிக்கப்படக் கூடாது. பிறகு உலாவியில் குழந்தையின் தேதியை இட்டு, பாதுகாவலரை எழுதி, பெரியவரின் தேதிக்கு மாற்றி, மீண்டும் குழந்தையின் தேதிக்கு வந்து பாருங்கள். அதே நிலையில் சமர்ப்பித்துவிட்டுப் பின்னால் வந்து பாருங்கள். சரியாக இன்று பதினெட்டு நிறைபவர், நாளை நிறைபவர் இருவரையும், சர்வர் கடிகாரத்தை இந்திய நேரம் அதிகாலை 2 மணிக்கு வைத்துச் சோதியுங்கள்.

இந்தத் திருத்தங்களைப் பழைய படிவத்தில் செய்பவர்கள், புதிய நிபந்தனையை ஏற்கெனவே உள்ள பதிவுகளின் மீதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் அந்தச் சேமிப்பு நிறுவனத்தில் ஓட்டியபோது, புள்ளிகளில் பெரும்பாலானவை மேஜர் நாமினிகளின் வரிசையில் இருந்தன. அவற்றை நீக்குவதில் இழப்பு ஏதும் இல்லை. சில புள்ளிகள் உண்மையிலேயே மைனரான குழந்தைகளின் வரிசையில் இருந்தன. புள்ளி வைத்தால் படிவம் போகும் என்று கை பழகிவிட்டதால், அங்கேயும் புள்ளியே விழுந்திருக்கிறது. அவற்றை எந்த ஸ்கிரிப்டாலும் நிரப்ப முடியாது. கிளைவாரியாகப் பட்டியல் எடுத்துக் கொடுத்தோம். ஊழியர்கள் ஒவ்வொரு கணக்குதாரரையும் அழைத்துப் பாதுகாவலரின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். கடைசிப் பெயர் வந்துசேர்ந்த பிறகே, அந்த நெடுவரிசையின் மீது செக் கட்டுப்பாட்டை இயக்கினோம்.